வெட்டு விழும் இடம்

பழைய ஒலியைப் பாதுகாப்பது எல்லாருக்கும் பொதுவான நல்ல காரியம் என்று சொல்லப்படுகிறது. பொதுவானது என்று எதைச் சொன்னாலும் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பது நம் வழக்கம். பொதுக்குளம் என்றார்கள், பொதுச்சாவடி என்றார்கள், பொதுக்கோயில் என்றார்கள். உள்ளே போனவர் யார், வெளியே நின்றவர் யார் என்பது நமக்குத் தெரியும். இப்போது பொது ஆவணம் என்கிறார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

இசைத்தட்டுகளை டிஜிட்டலாக மாற்றும் வேலை பல இடங்களில் நடந்திருக்கிறது. மும்பையில் 1990இல் தொடங்கிய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் மூலம் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்று 'யங் இந்தியா', 'ஓடியன்' கம்பெனிகளின் தட்டுகளைப் பதிவாக்கியது. சென்னை ரோஜா முத்தையா நூலகம் பாட்டுப் புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. மதுரை வட்டாரத்தில் நிறுவனம் எதுவும் இல்லாமலே இந்த வேலை நடக்கிறது. மைக்செட் வைத்திருந்தவர்களும் சினிமாப் பாட்டில் பைத்தியமாக இருப்பவர்களும் சொந்தக் காசைப் போட்டுச் செய்கிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறோம்.

இந்த வேலையில் இரண்டு பகுதி. ஊசியை வைத்து ஒரு பக்கம் முழுவதையும் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஒன்று. ஏறிய நீள ஒலியைப் பாட்டுப் பாட்டாக வெட்டிப் பெயர் போடுவது இன்னொன்று. முதலாவதைப் பற்றி எல்லாரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். 78 வேகத் தட்டுக்குத் தடித்த ஊசி வேண்டும், எல்.பி. தட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள ஊசி போதும், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்ற வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. 'வெட்டுறதுதானே, கம்ப்யூட்டரே வெட்டிப்புடும்' என்று முடித்துவிடுகிறார்கள். எங்கே வெட்டுவது, வெட்டிய துண்டுக்கு யார் பெயரைப் போடுவது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

1

முதல் வெட்டு கம்ப்யூட்டர் வெட்டியது அல்ல, கம்பெனி வெட்டியது.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா ஆங்கிலத்தில் தன் பெயரைத் தானே சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே இருக்கிற தொழிலாளிக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொன்னது. கம்பெனியின் சௌகரியத்துக்காகச் சொன்ன அந்த ஒரு வரி, நூறு வருஷம் தாண்டி அந்தப் பெண்ணுடைய சாட்சியமாக நிற்கிறது. 'நான் பாடினேன்' என்று அவரே சொல்லிவிட்டார், இனி வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது. இன்று அந்த வரியைப் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத வால் என்று வெட்டிவிட்டால் என்ன ஆகும்? பாட்டு இருக்கும், பாடியவர் போய்விடுவார்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். அதற்குள் அடங்குவது இசை, அடங்காதது சத்தம் என்று ஆகிப்போனது. கர்நாடகக் கீர்த்தனையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஆலாபனையை நறுக்கிக்கொண்டார்கள். நாடகப் பாட்டும் பக்திப் பாட்டும் நகைச்சுவைப் பேச்சும் தேசியப் பாட்டும் தட்டில் ஏறின. 1930களுக்குப் பிறகு சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. சுருக்கிக்கொண்டாவது உள்ளே போக அவர்களுக்கு ஒரு வாசல் இருந்தது. ராத்திரி முழுக்கப் போகும் சாவுக்கொட்டை, வயக்காட்டில் காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை போகும் நடவுப்பாட்டை மூன்று நிமிஷத்தில் யார் அடக்குவது? மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "மூணு நிமிசமா? தப்பக் காய்ச்சுறதுக்கே காணாதே தம்பி" என்றார்.

இன்னொன்றையும் பதிந்து வைப்போம். 78 வேகத் தட்டு செய்யத் தேவைப்பட்ட அரக்கு இந்தியாவிலிருந்துதான் உலகத்துக்கே போனது. சோட்டா நாக்பூர்க் காட்டு மரங்களிலிருந்து அதைச் சுரண்டிச் சேர்த்தவர்கள் ஆதிவாசிகள். அரக்குக்கு அவர்கள் கை வேண்டியிருந்தது, அரக்கில் பதிய அவர்கள் குரல் வேண்டியிருக்கவில்லை. தோலுக்கு நம் கை வேண்டும், மிருதங்க சபைக்கு நாம் வேண்டாம் என்பதும் இதே கணக்குத்தான்.

கம்பெனி வேண்டுமென்றே செய்தது என்று நான் சொல்லவில்லை. கம்பெனிக்குக் காசு போதும். ஆனால் அன்றைக்கு வீட்டில் கிராமபோன் வைத்திருந்தது யார், எந்தத் தெரு? அந்தத் தெருவின் காதுதான் கம்பெனியின் காது. பறையடிப்பவர் பெயர் போட்ட இசைத்தட்டு லேபிள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆக, 'தமிழர்களின் நூறாண்டு ஒலிச் செல்வம்' என்று நாம் டிஜிட்டலாக்குவது ஏற்கனவே வடிகட்டப்பட்ட ஒன்று. வடிகட்டியதைப் பாதுகாக்கலாம். வடிகட்டியதே முழுசு என்று சொல்லக் கூடாது.

2

வீட்டுக்குள் இருந்த இசைத்தட்டை ஊருக்குள் கொண்டுவந்தவன் மைக்செட்காரன். வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றிய ஊர்களில் 60களிலிருந்து 80கள் வரை கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை எதுவும் குழாய் கட்டாமல் நடக்காது. முதலில் ஒரு சாமி பாட்டு. கல்யாண வீடென்றால் 'சாரதா' (1962) படத்துப் பாட்டு. ராத்திரியில் 'திருவிளையாடல்' (1965) கதைவசனத் தட்டு. கிராமபோன் வாங்க வக்கில்லாத நம் ஜனம் இசைத்தட்டைக் கேட்டது இப்படித்தான், வேப்பமரத்தில் கட்டிய குழாயில்.

குழாய்க்கும் சாதி உண்டு. காலனியில் விசேஷம் என்றால் குழாய் எந்தத் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எந்தப் பாட்டுப் போடக் கூடாது என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் இருந்தது. மைக்செட் ஓட்டிய நம்மாள் ஒருவர் சொன்னார்: "கேட்டுக்கிட்டுத்தான் கட்டணும்ணே. மரம் அவுக மரம். காத்துகூட அவுக காத்துத்தேன்." தென்மாவட்டங்களில் ஒலிபெருக்கியில் தொடங்கி அரிவாளில் முடிந்த தகராறுகள் எத்தனையோ. 1992இல் வந்த 'தேவர் மகன்' பாட்டு ஒன்று திருவிழாக்களில் எப்படிப் பயன்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் பண்ணைப்புரத்து இளையராஜா. ஒலியை உண்டாக்கியவர் கையை விட்டுப் போனபிறகு அந்த ஒலியை யார் எந்தத் தெருவில் யாரைப் பார்த்து ஒலிக்கவிடுகிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த மைக்செட்டுகளின் தட்டுகள்தான் இன்று பழைய சாமான் கடை வழியாகச் சேகரிப்பாளர் கைக்கு வருகின்றன. தேய்ந்த தட்டு என்று விலையைக் குறைக்கிறார்கள். தேய்மானம் என்பது என்ன? ஒரு பக்கத்தில் உள்ள பாட்டுகளில் ஒன்று மட்டும் கரகரவென்று தேய்ந்திருந்தால், ஊர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். கீறல் என்பது ஜனங்கள் எழுதிய எழுத்து. கீறல் இல்லாத தட்டு யாரோ ஒருவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்த தட்டு.

இளையராஜாவின் எல்.பி. தட்டுகளை இன்று வெளிநாட்டிலிருந்தும் தேடி வாங்குகிறார்கள். 'அன்னக்கிளி' (1976) தொடங்கி ஒவ்வொன்றையும் சொட்டுச் சொட்டாகச் சுத்தம் செய்து ஏற்றுகிறார்கள். சந்தோஷம். ஆனால் அவருக்கு முன்னால் அதே பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு புறப்பட்டவர் அண்ணன் பாவலர் வரதராஜன். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர். மதுரை ஜில்லா முழுக்க மேடை மேடையாகப் பாடியவர். அன்னக்கிளி வருவதற்கு முன்பே இறந்துபோனார். அவர் பாடிய ராத்திரிகள் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. ஒரே வீட்டுக்குள் ஒருவர் பாட்டுக்கு 24 பிட், இன்னொருவர் பாட்டுக்குக் கேட்டவர் ஞாபகம் மட்டும். தட்டில் இருப்பதை மட்டும் பாதுகாப்போம் என்பவர்கள் இந்த இடைவெளியையும் ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டும்.

3

இனி இரண்டாவது வெட்டு.

ஆடாசிட்டி போல இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளிலேயே இந்த வேலையைச் செய்யலாம். ஒலி இந்த அளவுக்குக் கீழே இறங்கி இத்தனை விநாடி இருந்தால் அது மௌனம், அங்கே ஒரு பாட்டு முடிந்தது என்று சொல்லிக்கொடுத்தால் அதுவே கோடு போட்டுத் துண்டு துண்டாக்கிக் கொடுத்துவிடும். சினிமா எல்.பி.க்கு இது பொருந்தும். ஏனென்றால் கம்பெனியே பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விட்டு அச்சடித்திருக்கிறது.

இதையே ஒப்பாரிக்குப் போட்டுப் பாருங்கள். மாரில் அடித்து அழுகிற அம்மா ஒரு வரியைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிறார். இரண்டு விநாடி, மூன்று விநாடி. மிஷினுக்கு அது மௌனம். அங்கே வெட்டு விழுகிறது. செத்தவனைப் பற்றி ஒரு துண்டு, அவனைக் கொன்ற வறுமையைப் பற்றி இன்னொரு துண்டு. ஒரே அழுகை ஏழு 'ட்ராக்' ஆகிவிடுகிறது. மௌனம் என்பது ஒன்றுமில்லாதது என்று மிஷின் நினைக்கிறது. நம் பெண்களின் மௌனம் அப்படிப்பட்டதா?

அடுத்தது கீறலை எடுக்கிற கருவி. திடீரென்று எழும்பி உடனே அடங்குகிற கூர்மையான ஒலி எதுவோ அதைக் கீறல் என்று கண்டுபிடித்து அது அழித்துவிடும். பறையில் இடது கையில் பிடிக்கும் நீளமான சுண்டுகுச்சி என்ன செய்கிறது? திடீரென்று எழும்பி உடனே அடங்குகிற கூர்மையான ஒலியைத்தான் எழுப்புகிறது. வலது கை அடிகுச்சியின் கனத்த ஒலிக்கு நடுநடுவே சுள்ளென்று வந்து விழும் அந்த அடியில்தான் பறையின் பேச்சு இருக்கிறது. கருவியைக் கொஞ்சம் முடுக்கி வைத்தால் போதும், சுண்டுகுச்சி மழுங்கிவிடும். பறை ஏதோ தகர டப்பாவுக்கு மேல் சாக்கைப் போட்டு அடித்த மாதிரி ஆகிவிடும். சுண்டுகுச்சிக்கும் கீறலுக்கும் வித்தியாசம் தெரியாத காதை யார் தயாரித்தது? வயலினையும் பியானோவையும் மனசில் வைத்து 'இசை'யையும் 'இரைச்ச'லையும் பிரித்த காதுதான். ஊருக்குள் நம்மூர்க்காரன் ஒருவன் பறையை 'இரைச்சல்' என்று சொன்னபோது இருந்த அதே காது.

இது வெறும் யூகம் இல்லை. 90களில் ஒரு கலைக்குழு நிகழ்ச்சியில் பதிவு செய்த கேசட்டை மதுரையில் ஒரு கடையில் கொடுத்தோம். கடைக்காரர் நல்ல மனுஷர், வேலையில் குறை வைக்க நினைக்காதவர். எல்.பி. தட்டுக்கு வைத்திருந்த அதே அமைப்பை இதற்கும் போட்டு, பதினோரு துண்டாக வெட்டிக் கொடுத்தார். "நடுவுல பேச்சு, தீ மூட்டுற சத்தம், கூட்டத்துச் சத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டேண்ணே. பாட்டு மட்டும் சுத்தமா இருக்கு" என்றார். போட்டுக் கேட்டோம். தோலைக் காய்ச்சும்போது தட்டிப் பார்க்கிற அடிகள் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஆசான் எந்த ஊர் அடி, யாரிடம் பழகியது என்று சொன்னது இல்லை. இது சாவுக்கு அடிப்பது, இதை இனி யார் வீட்டுச் சாவுக்கும் அடிக்க மாட்டோம் என்று அறிவித்தது இல்லை. நல்லவேளையாகக் கேசட் திரும்பி வந்தது.

'சுத்தம்' என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்த மண்ணில் எதைச் சுத்தம் என்றாலும் எங்கோ ஒரு தீட்டு ஏற்கனவே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. பாட்டு சுத்தம், பாடியவன் பேச்சு தீட்டு. அடி சுத்தம், அடித்தவன் ஊர்ப் பெயர் தீட்டு. கலை வேண்டும், கலைஞன் வெளியே நிற்கட்டும். கோயில் வாசலில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது.

சாவு அடியை எடுத்துக்கொள்வோம். 80கள், 90களில் இந்த வட்டாரத்திலும் பல ஊர்களில் நம்மவர்கள் ஆதிக்க சாதிச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நிறுத்தினார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள். அதே காலத்தில் பறையை விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்த குழுக்களும் தோன்றின. 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தூக்கினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பறையைத் தூக்கி எறிவதா, தூக்கிப் பிடிப்பதா என்கிற விவாதம் நமக்குள் இன்னும் முடியவில்லை. இப்படி இருக்கும்போது 'ட்ராக் 4: சாவு அடி, 3 நிமிடம் 10 விநாடி' என்று ஒரு துண்டை வெட்டி வைப்பது அந்த விவாதத்தையே வெட்டி எறிவதாகும். யார் சாவுக்கு அடித்தது, கூலியா கட்டாயமா, எப்போது நிறுத்தினார்கள் என்கிற விவரம் கூடவே போனால் அது சாட்சியம். போகாவிட்டால் காரில் போகிறவன் கேட்டு ரசிக்கிற தாளம்.

4

நம் கையில் உண்மையில் இருப்பது இசைத்தட்டு இல்லை, கேசட். 80களில் கேசட் மலிவானபோதுதான் கம்பெனிக் காதைத் தாண்டி நம் குரல் பதிவானது. இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 'தன்னானே' குழுவை நடத்திய கே.ஏ. குணசேகரன் (1955-2016) மேடைகளில் பாடிய பாட்டுகள் கேசட்டாக ஊர் ஊராகச் சுற்றின. 1968இல் 44 பேரை எரித்த வெண்மணியை முன்வைத்து இன்குலாப் எழுதிய பாட்டு, புத்தகத்தில் படித்தவர்களைவிட அவர் குரலில் கேட்டவர்கள் வாயில்தான் அதிகம் இருந்தது. அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம் ஜனங்கள் 'பரட்டை அண்ணன்' என்று கூப்பிட்டவர், கீர்த்தனை இசையை விட்டுவிட்டு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே கட்டினார். பாடுகிறவன் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ள முடிகிற பாட்டுத்தான் விடுதலைக்கு உதவும் என்பது அவர் கட்சி. 2005இல் இறந்தார். 1997 ஜூன் 30இல் மேலவளவு முருகேசனும் கூட ஐந்து பேரும் வெட்டப்பட்ட பிறகு மேடைகளில் கேட்ட பேச்சும் பாட்டும் யார் யார் வீட்டுப் பரணில் எந்தக் கேசட்டில் கிடக்கிறதோ!

இசைத்தட்டு நூறு வருஷம் தாங்கும். கேசட் நாடா அப்படி அல்ல. பூஞ்சை பிடிக்கிறது, ஒட்டிக்கொள்கிறது. போட்டுக் கேட்க டேப் ரெக்கார்டரும் கிடைப்பதில்லை. 2019இல் யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பாளர் அமைப்பும் சேர்ந்து எச்சரித்தன: ஏறக்குறைய 2025க்குப் பிறகு காந்த நாடாக்களைப் போட்டுக் கேட்பதே கடினமாகிவிடும் என்று. அந்த வருஷமும் வந்து போய்விட்டது. தாங்கக்கூடிய தட்டுக்கு இத்தனை பேர் ஓடுகிறார்கள், அழிந்துகொண்டிருக்கிற நாடாவுக்கு யாரும் இல்லை.

'கலைக்கு ஏது சாதி, எல்லாவற்றையும் பாதுகாக்கத்தானே செய்கிறோம்' என்பார்கள். எல்லாவற்றையும் என்றால் எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று கேட்போம். அதோடு நம்மையும் கேட்டுக்கொள்வோம். இரண்டு மணி நேர ஆட்டத்தை மேடைக்கு ஐந்து நிமிஷ 'அயிட்டம்' ஆக்கி, அதை மூன்று நிமிஷ வீடியோவாக வெட்டிப் போடுவது இன்று நம் குழுக்களும் செய்கிற காரியம்தான். கம்பெனி நூறு வருஷம் முன்னால் போட்ட அளவுகோலை நாமே எடுத்து நம் கழுத்தில் மாட்டிக்கொள்கிறோம். 'வாய்மொழி மரபு அழியாது, பதிவே வேண்டாம்' என்று பெருமை பேசுவதும் உதவாது. பாவலர் வரதராஜனுக்கு என்ன ஆனது என்று பார்த்தோமே.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிழவி ஒருத்திக்குத் தன் அண்ணன் பாடிய பாட்டை மட்டும் கேட்க வேண்டும், அதுவும் கரகரப்பு இல்லாமல் கேட்க வேண்டும் என்றால் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சில காரியங்களை நிபந்தனையாக வைப்போம். வெட்டாத, சுத்தம் செய்யாத முழு ஒலி ஒன்று எப்போதும் தனியாக இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு எத்தனை துண்டு வேண்டுமானாலும் போடலாம். எங்கே வெட்டுவது என்பதை மிஷின் அல்ல, அடித்தவரோ பாடியவரோ, அவர் இல்லையென்றால் அவர் ஊர்க்காரரோ கூட உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். 'குழுவினர்' என்று ஒரு சொல்லில் பத்துப் பேரை மறைக்காமல் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் போடப்பட வேண்டும். யாருக்காக, என்ன கூலிக்கு, எந்தக் கட்டாயத்தில் என்பதும் கூட எழுதப்பட வேண்டும். பாட்டு எடுத்த ஊருக்கே ஒரு பிரதி திரும்பிப் போக வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவை வெளியிட்டவருக்கு அறுபது வருஷ உரிமை கொடுக்கிறது. பாடிக் கொடுத்த கூலிக்காரிக்கு நடைமுறையில் 'பாரம்பரியம்' என்று ஒரு பெயர்தான் மிஞ்சுகிறது. அவள் பெயரை எழுதி வைத்தால் நாளைக்கு அவள் பேத்தி உரிமை கேட்க ஒரு பிடி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பரணில் கிடக்கும் கேசட்டுகளை இறக்குங்கள். பல்கலைக்கழகமோ அரசோ வரும் என்று காத்திருக்க நேரமில்லை. மாணவத் தோழர்கள் ஆளுக்குப் பத்துக் கேசட் என்று எடுத்துக்கொண்டால்கூடப் போதும். ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்று, ஒரு ஒயர், ஒரு கம்ப்யூட்டர், கூட உட்கார்ந்து பெயர் சொல்ல ஒரு பெரியவர். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட விடுங்கள். தீ மூட்டுகிற சத்தமும் குழந்தை அழுகிற சத்தமும் 'ஏலே, ஒதுங்கி நில்லுடா' என்று யாரோ அதட்டுவதும் வரட்டும். அதை வெட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற இடத்தில் இந்தத் தடவை நாம் உட்கார்ந்திருக்க வேண்டும்.